நடுக்கடலில் ஏலம்... திருமுல்லைவாயல் சுவரில் படம்!

திருமுல்லைவாயலில் இருக்கும் அக்கா வீட்டுக்குள் நுழைந்தால், செருப்பு ஸ்டாண்டைத் தாண்டியதும் கண்ணில் படுவது ஒரு படம். கடலோரத்தில் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊர். மஞ்சள் விளக்குகள், மழையில் நனைந்த தெரு, குடை பிடித்து நடந்துபோகும் ஒரு பெண். அதற்கு இந்தப் பக்கம் தஞ்சாவூர் ஓவியத்தில் தவழும் கண்ணன். அந்தப் பக்கம், மாமா ஆவடி டாங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆன அன்று எடுத்த குரூப் போட்டோ. நடுவில், தங்க நிற ஃப்ரேமுக்குள் இந்தக் குடைக்காரி.

"யார் வரைஞ்சது மாமா?" என்று முதல்முறை நான் கேட்டபோது, அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏலத்துல எடுத்தது மச்சான். அதுவும் நடுக்கடல்ல!"

இன்று அதே கேள்வியைக் கேட்டால் டி.வி. ரிமோட்டைத் தேடுகிறார். இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் பேரு வேணாம். கப்பல் பேரு, கம்பெனி பேரும் வேணாம். மத்ததை எழுது. நாலு பேருக்கு உபயோகமா இருக்கட்டும்."

உபயோகமாகத்தான் இருக்கும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் அப்பா, அம்மாவை "ஒரு க்ரூஸ் போயிட்டு வரலாம்" என்று அழைத்துப் போவது இப்போது சாதாரணம். இங்கேயே, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்ப்ரஸ்' என்ற சொகுசுக் கப்பல் பயணத்தை முதல்வர் கொடியசைத்துத் தொடங்கிவைத்தார். 1990-ல் கட்டப்பட்டு, வெளிநாட்டுக் கடல்களில் பல வருடங்கள் ஓடிய கப்பல் அது. கப்பல் பயணம் என்பது பணக்காரர்கள் சமாசாரம் என்ற காலம் போய்விட்டது. அந்தப் பயணத்தோடு வரும் பழக்கங்களும் நம் வீட்டுக்குள் வர ஆரம்பித்துவிட்டன. அவற்றில் ஒன்று, கப்பலில் நடக்கும் ஓவிய ஏலம்.

நாற்பது விநாடியில் ஒரு லட்சத்து அறுபதாயிரம்!

மாமாவின் மகள் ஹூஸ்டனில் இருக்கிறாள். பக்கத்திலேயே கால்வெஸ்டன் துறைமுகம். அங்கிருந்து மெக்சிகோ வரை போய்த் திரும்பும் ஐந்து ராத்திரிப் பயணம். இதில் ஒருநாள் முழுக்கக் கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காது. மகளும் மாப்பிள்ளையும் குழந்தையை நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அக்காவுக்கு மூட்டு வலி, ரூமில் படுத்துவிட்டார். மாமாவுக்குக் குளமும் வேண்டாம், கேசினோவும் வேண்டாம். நடந்துகொண்டே இருந்தவர் கண்ணில் ஏ.சி. ஹால் ஒன்று பட்டது. வரிசையாக நாற்காலிகள். சுற்றிலும் ஸ்டாண்டுகளில் படங்கள். வாசலில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஷாம்பெயின் நீட்டினார். மாமா குடிக்க மாட்டார் என்றதும் ஆரஞ்சு ஜூஸ் வந்தது. கூடவே ஒரு படிவம், ஒரு கையெழுத்து, நம்பர் போட்ட ஓர் அட்டை.

"சும்மாதான் உட்கார்ந்தேன்" என்கிறார் மாமா.

ஏலம் விடுபவர் கோட், சூட் போட்ட இளைஞர். ஜோக் அடிக்கிறார், ஓவியர்களைப் பற்றிக் கதை சொல்கிறார், குடைக்காரி படத்தை மேடைக்குக் கொண்டு வருகிறார். "கேலரியில் இதன் விலை 3,200 டாலர். இன்று, இந்தக் கப்பலில், உங்களுக்காக மட்டும்..." என்று விலை சரசரவென்று இறங்குகிறது. 1,600 டாலரில் நிறுத்தி, யாருக்கு வேண்டும் என்று கேட்கிறார். மாமாவின் கை மேலே போனது. சுத்தியல் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள்.

சுத்தியல் விலை 1,600 டாலர். அதற்கு மேல் வாங்குபவர் தர வேண்டிய கமிஷன் 15 சதவிகிதம், 240 டாலர். பார்சல், கையாளும் கட்டணம், மதிப்பீட்டுச் சான்றிதழ் என்று இன்னொரு 110. மொத்தம் 1,950 டாலர். அன்றைய கணக்குக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் ரூபாய். மகளின் கிரெடிட் கார்டைத் தேய்த்து, ஊருக்கு வந்து ஃபிக்ஸட் டெபாசிட்டை உடைத்து அனுப்பினார். அக்காவிடம் சொன்ன விலை 600 டாலர்.

ஏலம் நமக்குப் புதுசா?

என்னை ஆச்சர்யப்படுத்துவது இதுதான். ஏலம் தெரியாத ஆள் இல்லை மாமா. முப்பது வருடமாக ஏலச்சீட்டு கட்டுகிறவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது பட்டறையை மூடி, பழைய லேத் மெஷின் ஏலத்துக்கு வந்தால், நண்பர்கள் அவரைத்தான் துணைக்குக் கூப்பிடுவார்கள். முதல்நாளே போய்விடுவார். மெஷினின் பெட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, ஸ்பிண்டில் ஆடுகிறதா, கியர் சத்தம் எப்படி என்று டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார். பார்க்கவிடவில்லை என்றால் திரும்பி வந்துவிடுவார். அப்பேர்ப்பட்டவர் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு ஒரு சாமானை நாற்பது விநாடியில் வாங்கினார். ஏன்?

"ஏலம்னாலே நாலு பேர் போட்டி போட்டு விலை வைப்பாங்க, அதனால விலை சரியாத்தான் இருக்கும்னு நினைச்சுட்டேன்" என்றார்.

முழு விஷயமும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஏலத்தில் விலை ஏன் நியாயமாக இருக்கும் என்று நாம் நம்புகிறோம்? காசிமேட்டில் மீன் ஏலம் போகும்போது, சுற்றி நிற்கும் வியாபாரிகள் அத்தனை பேருக்கும் அன்றைய மார்க்கெட் விலை தெரியும். ஏலச்சீட்டில் யார் எவ்வளவு தள்ளி எடுக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தள்ளிய பணம் அவர்களுக்கே பிரிந்து வருகிறது. சீட்டு நடத்துகிறவரின் கமிஷனுக்குக்கூட 1982-ம் வருட சிட் ஃபண்ட் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. முன்பு 5 சதவிகிதமாக இருந்ததை 2019-ல் 7 சதவிகிதமாக உயர்த்தினார்கள். பங்குனி உத்திரத்துக்கு விழுப்புரம் பக்கம் கோயிலில் எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் ஏலம் போகிறதே, அங்கேகூட வாங்குகிறவருக்குத் தெளிவாகத் தெரியும்: நாம் பழத்துக்குக் காசு கொடுக்கவில்லை, நம்பிக்கைக்குக் கொடுக்கிறோம். அதைத் திருப்பி விற்று லாபம் பார்க்க நினைப்பதில்லை.

கப்பல் ஏலத்தில் இது எதுவும் கிடையாது. உட்கார்ந்திருக்கும் எல்லோரும் மாமாவைப் போல ஜூஸ் குடிக்க வந்தவர்கள். யாருக்கும் மார்க்கெட் விலை தெரியாது. படத்தின் சொந்தக்காரர், ஏலம் விடுபவர், 'இதன் மதிப்பு இவ்வளவு' என்று சான்றிதழ் கொடுப்பவர் மூவரும் பெரும்பாலும் ஒரே நிறுவனம். விற்பனையில் கப்பல் நிறுவனத்துக்கும் பங்கு உண்டு.

இன்னொன்றையும் மாமா அன்று கவனித்திருக்க வேண்டும். சுத்தியல் விழுந்ததும் அந்த இளைஞர் கேட்டாராம்: "இதே படம், இதே விலைக்கு இன்னும் யாருக்கு வேண்டும்?" மேலும் ஐந்து பேர் அட்டையைத் தூக்கியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கும் கிடைத்தது! சீட்டில் ஒருவர் எடுத்துவிட்டால் அந்த மாதம் மற்றவர்களுக்கு இல்லை. ஒரே பொருளுக்குப் பலர் போட்டி போட்டால்தான் ஏலம். கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தால் அதற்குப் பெயர் கடை.

'சார், இது பிரின்ட்டு சார்!'

மேடையில் பார்த்த படம் கைக்கு வராது. கரையில் இருக்கும் கிடங்கிலிருந்து இன்னொரு பிரதி சில வாரங்கள் கழித்து வரும். கப்பல் ஏலங்களில் இதுதான் வழக்கம். ஹூஸ்டன் வீட்டுக்கு வந்ததைக் குழாயில் சுருட்டி எடுத்துக்கொண்டு சென்னை வந்தார்கள். அம்பத்தூர் ஓ.டி.யில் ஃப்ரேம் போடும் கடையில் கொடுத்தார் மாமா. கடைக்காரர் விரித்துப் பார்த்து, ஓரத்தைத் தடவிப் பார்த்துச் சொன்னாராம்: "சார், இது பிரின்ட்டு சார். கேன்வாஸ்ல பிரின்ட் போட்டு மேல லேசா ஜெல் தடவியிருக்காங்க. நம்மகிட்டயே போட்டுத் தருவோமே, சதுர அடிக்கு இவ்வளவுன்னு."

மாமா அவரை முறைத்துவிட்டு வந்தார். ஆனால், கடைக்காரர் சொன்னது சரி. படத்தின் கீழ் மூலையில் பென்சிலால் '212/450' என்று எழுதியிருந்தது. 450 பிரதிகளில் இது 212-வது.

இதை மோசடி என்று சொல்ல முடியாது. வாங்கும்போது கொடுத்த காகிதத்தில் 'ஜிக்லே' என்று அச்சிட்டிருந்தது. மாமாவுக்கு அது ஏதோ பிரெஞ்சு ஓவியப் பாணி என்று தோன்றியிருக்கிறது. உண்மையில், உயர்தர இங்க்ஜெட் பிரின்ட்டுக்கு 1991-ல் அமெரிக்காவில் ஓர் அச்சுக் கலைஞர் வைத்த பெயர் அது. மையைப் பீய்ச்சி அடிப்பது என்ற பொருள் வரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து எடுத்தார். இப்படி இன்னும் சில சொற்கள் உண்டு. 'செரிகிராஃப்' என்றால் பயந்துவிட வேண்டாம். கல்யாணப் பத்திரிகைக்கும் டி-ஷர்ட்டுக்கும் நம் ஊரில் செய்யும் ஸ்கிரீன் பிரின்டிங்தான். 'ஹேண்ட் எம்பெலிஷ்டு' என்றால் பிரின்ட்டின் மேல் யாரோ பிரஷ்ஷால் சில தீற்றல்கள் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த 'யாரோ' ஓவியராகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

பிரின்ட்டுக்கும் ஒரிஜினலுக்கும் உள்ள வித்தியாசம் தமிழ் வீடுகளுக்குப் புரியாத விஷயமே அல்ல. ராஜா ரவி வர்மா 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கி, தன் லட்சுமியையும் சரஸ்வதியையும் நாடெங்கும் பூஜையறைகளுக்கு அனுப்பினார். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த முருகனும் மீனாட்சியும் சிவகாசியில் காலண்டராக அச்சாகி வீடு வீடாகப் போனார்கள். நாம் அந்தப் படங்களைக் கும்பிட்டோம், பத்திரமாக ஃப்ரேம் போட்டோம். ஆனால், ரவி வர்மா கையால் தீட்டிய ஓவியத்துக்கும் காலண்டருக்கும் ஒரே விலை என்று யாரும் நினைத்ததில்லை. ரவி வர்மாவின் அசல் ஓவியங்கள் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாத கலைச் செல்வங்களாக அறிவிக்கப்பட்டவை. அந்த அச்சுப் படங்களோ பழைய சாமான் கடையிலும் கிடைக்கும்.

எல்லா பிரின்ட்டும் மட்டம் என்றும் சொல்லக் கூடாது. ஓவியரே தகட்டில் கோடு கிழித்து, மை பூசி, கையால் சில பிரதிகள் மட்டும் எடுத்துக் கையெழுத்திடும் அச்சு ஓவியங்கள் உலகம் முழுக்க மதிக்கப்படும் கலை. சென்னையின் ஆர்.எம்.பழனியப்பன் போன்றவர்கள் அதில் பெயர் பெற்றவர்கள். ஆகவே, பிரின்ட்டா என்பதோடு மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். யார் அச்சிட்டது, எத்தனை பிரதி, ஓவியரின் கை அதில் எவ்வளவு?

கையெழுத்து இருந்தால் போதும் என்பதும் ஆபத்து. ஸ்பெயின் ஓவியர் சால்வடார் டாலி தன் கடைசிக் காலத்தில் வெற்றுத்தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். 1974-ல் பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் ஒரு லாரியை மடக்கியபோது, டாலி கையெழுத்திட்ட 40,000 வெற்றுத்தாள்கள் இருந்தன. எந்தப் படத்தை வேண்டுமானாலும் மேலே அச்சடித்துக்கொள்ளலாம். அதனால்தான் டாலி 1989-ல் இறந்த பிறகும் அவருடைய பிரின்ட்டுகள் பற்றிய சண்டை ஓயவில்லை.

அந்தச் சண்டை கப்பலுக்கும் வந்தது. கப்பல் ஓவிய ஏலத்தில் உலகிலேயே பெரிய பெயர், 1969-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கிய பார்க் வெஸ்ட் கேலரி. 2008-ல் சில பயணிகள் அந்த நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். டாலி பிரின்ட்டுகளின் உண்மைத்தன்மை, விலை பற்றியெல்லாம் கேள்வி எழுப்பினார்கள். நிறுவனம் குற்றச்சாட்டுகளை மறுத்தது. அந்த வருடம் நியூயார்க் டைம்ஸ் இதை விரிவாக எழுதிய பிறகுதான் இந்த வியாபாரம் பற்றி வெளியுலகம் பேச ஆரம்பித்தது.

காகிதத்தில் இருக்கும் பணம்

குடைக்காரிக்கு வருவோம். அவளோடு வந்த சான்றிதழில் 'மதிப்பீடு: 3,200 டாலர்' என்று இருந்தது. தங்க எழுத்து, முத்திரை, கையெழுத்து எல்லாம் உண்டு. மாமா அதை பீரோ லாக்கரில், வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார். 1,950 கொடுத்து 3,200 வாங்கியிருக்கிறோம் என்பது அவர் கணக்கு.

போன வருடம் அக்காவுக்கு மூட்டு மாற்று ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்ஷூரன்ஸ் போக, கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கொஞ்சம் பெரிது. மாமா தைரியமாகச் சொன்னார்: "படத்தை வித்துடலாம்."

கேலரிக்கு மெயில் போட்டார். விற்ற படங்களைத் திரும்ப வாங்குவதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. பிறகு, நான் போனில் தேடிப் பார்த்தேன். அதே ஓவியர், அதே குடைக்காரி, வேறு நம்பர். அமெரிக்காவில் ஒருவர் ஆன்லைனில் 350 டாலருக்குப் போட்டிருந்தார். அதுவும் பல மாதங்களாக விலை போகாமல் கிடந்தது.

அந்தச் சான்றிதழ் பொய்யா? அதில்தான் நுணுக்கம் இருக்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு விதமான விலை உண்டு. கடையில் புதிதாக வாங்கப் போனால் எவ்வளவு ஆகும் என்பது ஒன்று. இன்ஷூரன்ஸுக்கு எழுதுவது இந்த விலையைத்தான். நாளைக்கே விற்றால் கைக்கு எவ்வளவு வரும் என்பது இன்னொன்று. நகையில் இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது செய்கூலி, சேதாரம். என்ன போனாலும் தங்கத்துக்குத் தினமும் விலை இருக்கிறது, எடை இருக்கிறது. அம்பத்தூர் அடகுக்கடையில்கூட உரசிப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பிரின்ட்டுக்கு உரைகல் கிடையாது. 'கடை விலை 3,200' என்று சொல்வது விற்கும் கடையே என்றால், அந்தக் காகிதத்தை வைத்து வெளியில் ஒரு ரூபாய்கூடப் புரட்ட முடியாது.

இந்த மயக்கத்துக்கு நாம் மட்டும் பலி இல்லை. அமெரிக்காவில் தாமஸ் கின்கேட் என்ற ஓவியர் இருந்தார். விளக்கெரியும் குடிசை, பூந்தோட்டம், கல் பாலம் என்று வரைவார். அந்தப் படங்களின் பிரின்ட்டுகளை நம்பர் போட்டு, சான்றிதழ் கொடுத்து, நாடு முழுக்கக் கடை வைத்து விற்றார்கள். நாளைக்கு விலை ஏறும் என்று லட்சக்கணக்கானோர் வாங்கினார்கள். ஏறவில்லை. 2010-ல் அவருடைய நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. எல்லோரிடமும் இருக்கும் ஒரு பொருளை யார் அதிக விலை கொடுத்து வாங்குவார்கள்?

'ஆனால், ஓவியம் கோடிக்கணக்கில் விற்கிறதே' என்று கேட்கலாம். உண்மைதான். 2025 மார்ச்சில் நியூயார்க்கில் நடந்த கிறிஸ்டீஸ் ஏலத்தில் எம்.எஃப்.ஹுசைனின் 'கிராம் யாத்ரா' 1 கோடியே 37 லட்சம் டாலருக்கு மேல் போனது. நம் பணத்தில் சுமார் ரூ.118 கோடி. ஆனால், அது உலகில் ஒன்றே ஒன்று. 1954-ல் அவர் கையால் வரைந்தது. அது யார் யாரிடம் இருந்தது என்ற வரலாறு இருக்கிறது. அதை வாங்கப் போட்டி போட்டவர்கள் பல நாள் படித்துவிட்டு வந்தவர்கள். அந்தச் செய்தியைப் படித்துவிட்டு 212/450-ஐ வாங்குவது, அண்ணா நகரில் மனை விலை ஏறிய செய்தியைப் படித்துவிட்டுக் காலண்டரில் இருக்கும் வீட்டுப் படத்தை வாங்குவது மாதிரி.

யாருடைய சட்டம்?

நம் நாட்டில் ஏலத்துக்கென்று சட்டம் இருக்கிறது. 1930-ம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64-வது பிரிவு. சுத்தியல் விழும் வரை கேட்ட விலையை நீங்கள் வாபஸ் வாங்கலாம். விற்பவர் தன் ஆளை விட்டு விலையை ஏற்ற நினைத்தால், அந்த உரிமையை முன்பே அறிவித்திருக்க வேண்டும். அறிவிக்காமல் செய்தால், வாங்கியவர் அதை மோசடி என்று சொல்லி விற்பனையை மறுக்கலாம்.

நடுக்கடலில் இது செல்லாது. எந்த நாட்டின் எல்லைக்கும் உட்படாத கடலில் போகும் கப்பலுக்கு, அது கொடி ஏற்றியிருக்கும் நாட்டின் சட்டம்தான். பெரிய சொகுசுக் கப்பல்களில் பல பஹாமாஸ், பனாமா, பெர்முடா போன்ற நாடுகளில் பதிவானவை. அதோடு, ஜூஸோடு சேர்த்துக் கையெழுத்து வாங்கினார்களே ஒரு படிவம், அதன் பின்பக்கம் பொடி எழுத்தில் நிறைய இருக்கும். வாங்கியதைத் திருப்ப முடியாது, ஏலம் விடுபவர் வாயால் சொன்னதற்குப் பொறுப்பில்லை, பிரச்னை என்றால் அமெரிக்காவில் இன்ன ஊரில்தான் வழக்கு என்பது போன்ற வரிகள் அதில் சாதாரணம். திருமுல்லைவாயலிலிருந்து அங்கே போய் வழக்கு நடத்த யாரால் முடியும்?

கையைத் தூக்கும் முன்...

கப்பல் பயணம் போகிறவர்கள் இதை போனில் சேமித்து வைத்துக்கொள்ளலாம்.

* அட்டை வாங்கும் முன் படிவத்தைப் படியுங்கள். குறிப்பாக, திருப்பித் தரும் விதி, கமிஷன், பார்சல் கட்டணம்.

* ஏலம் தொடங்கும் முன் படங்களைக் காட்சிக்கு வைத்திருப்பார்கள். பிடித்த படத்தின் ஓவியர், தலைப்பு, அச்சு முறை, பிரதி எண்ணிக்கை நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள்.

* இப்போது பல கப்பல்களில் சாட்டிலைட் இன்டர்நெட் இருக்கிறது. ஓவியர் பெயரைப் போட்டு, விற்ற விலை எவ்வளவு என்று தேடுங்கள். கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. விற்ற விலைதான் முக்கியம்.

* "இது ஒரிஜினலா, பிரின்ட்டா? எனக்கு வரப்போவது இதே படமா, கிடங்கிலிருந்து வேறு பிரதியா?" என்று கேளுங்கள். பதிலை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அதுவே பதில்.

* சுத்தியல் விலையோடு நிறுத்தாமல் கமிஷன், பார்சல், ஃப்ரேம், இந்தியா கொண்டுவந்தால் வரக்கூடிய சுங்க வரி எல்லாவற்றையும் ரூபாயில் கூட்டிப் பாருங்கள். பில்லைப் பத்திரமாக வைத்திருங்கள். விமான நிலையத்தில் கேட்டால் காட்ட வேண்டும்.

* சந்தேகம் வந்தால் கார்டு கொடுத்த வங்கியில் உடனே புகார் பதியுங்கள். அதற்குக் கெடு உண்டு. ஊருக்கு வந்து ஆறு மாதம் கழித்து யோசித்தால் தாமதம்.

* கடைசியாக ஒரு கேள்வி. இதை நாளைக்கு ஒரு பைசாவுக்கும் விற்க முடியாது என்று தெரிந்தாலும் இந்த விலைக்கு வாங்குவீர்களா? 'ஆமாம்' என்றால் தாராளமாக வாங்குங்கள். அழகான படம் வீட்டில் மாட்டுவதில் தப்பே இல்லை.

அதே பணம், அதே ரோடு

ஓவியம் வாங்க ஆசை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடலுக்குப் போக வேண்டாம். பூந்தமல்லியில் கிளம்பும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே நேராகப் போனால், பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி வந்துவிடும். 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கியது. மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி முதல்வராக இருந்த இடம். இன்னொரு முதல்வர் கே.சி.எஸ்.பணிக்கரும் அவரோடு நின்ற ஓவியர்களும் 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். கைவினைப் பொருள்கள் செய்து விற்று, அந்தக் காசில் நிலம் வாங்கி, வீடு கட்டி, அங்கேயே வரைந்தார்கள். இன்றும் அங்கே போய் ஓவியங்களைப் பார்க்கலாம், வாங்கலாம். கிரீம்ஸ் சாலையில் லலித் கலா அகாடமி இருக்கிறது. கண்காட்சி நடக்கும் நாட்களில் ஓவியரே பக்கத்தில் நிற்பார்.

நான் மாமாவை அப்படி ஒரு கண்காட்சிக்கு அழைத்துப் போனேன். முதலில் தயங்கினார். ஐந்து நிமிடத்தில் பழைய லேத் ஏல மாமா வெளியே வந்துவிட்டார். "இது ஆயிலா, அக்ரிலிக்கா? கேன்வாஸ் எங்கே வாங்கறீங்க? எவ்வளவு நாள் ஆச்சு? வெயில் பட்டா வெளுக்குமா?" என்று ஓர் இளம் ஓவியரைக் குடைந்து எடுத்துவிட்டார். அந்தப் பிள்ளை சலிக்காமல் பதில் சொன்னான். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். பெயர், வருடம், அளவு, கையெழுத்து எல்லாம் அவன் கையால் எழுதியிருந்தது. சொன்ன விலை, குடைக்காரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதன் விலை நாளைக்கு ஏறுமா? யாருக்கும் தெரியாது. ஆனால், என்ன வாங்குகிறோம், யாரிடம் வாங்குகிறோம், பணம் யாருக்குப் போகிறது என்ற மூன்றும் தெரிந்தது.

மாமா அன்று வாங்கவில்லை. "உங்க அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டணும்" என்றார்.

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இன்னொரு டெபாசிட்டை உடைத்துத்தான் கட்டினார்கள். 600 டாலர் உண்மையில் 1,950 டாலர் என்பது அப்போதுதான் அக்காவுக்குத் தெரிந்தது. இரண்டு நாள் பேசவில்லை. "பணம் போனதுகூடப் பரவாயில்லைடா. நாற்பது வருஷத்துல முதல் தடவையா என்கிட்ட ஒரு கணக்கை மறைச்சிருக்கார்" என்று என்னிடம் சொன்னபோது குரல் கம்மியது. மூன்றாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தவர், மாமா படத்தைக் கழற்ற ஸ்டூல் போடுவதைப் பார்த்தார். "அது பாட்டுக்கு இருக்கட்டும். படம் என்ன பண்ணுச்சு, நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

படம் அங்கேயே இருக்கிறது. சான்றிதழ் மட்டும் பீரோ லாக்கரிலிருந்து கிளம்பி, மிக்ஸி, கிரைண்டர் வாரன்ட்டி கார்டுகள் கிடக்கும் மேஜை டிராயருக்குப் போய்விட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோது, பட்டாபிராமிலிருந்து மாமாவின் பழைய டிபார்ட்மென்ட் நண்பர் வந்திருந்தார். அடுத்த மாதம் மகனோடு கப்பல் பயணம் போகிறாராம். என்ன எடுத்துப் போக வேண்டும், சாப்பாடு எப்படி, குமட்டுமா என்று ஆயிரம் கேள்விகள். மாமா எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். கிளம்பும்போது வாசல்வரை போய் அவர் தோளில் கை போட்டார்.

"அங்கே ஏ.சி. ஹால்ல ஒரு ஏலம் நடக்கும். போங்க, உட்காருங்க, ஜூஸ் குடிங்க, படத்தையெல்லாம் நல்லாப் பாருங்க. நம்பர் அட்டை கொடுப்பாங்க பாருங்க... அதை மட்டும் கையில வாங்காதீங்க!"